மெதுவான தசை பலவீனமான தசையா?

வேகமான தசைக்குப் பலம் அதிகம், மெதுவான தசைக்குப் பலம் குறைவு என்று உடற்பயிற்சிக் கூடங்களில் அடிக்கடி சொல்வார்கள். தசையைத் தனியே எடுத்து விசைமானியில் கட்டி அளந்தால் இது பாதிகூட உண்மையில்லை. பாலூட்டிகளின் எலும்புத்தசை, நீளம் மாறாமல் முழு வலிமையோடு இழுக்கும்போது, ஒரு சதுர சென்டிமீட்டர் குறுக்குவெட்டுக்கு ஏறத்தாழ 20 முதல் 25 நியூட்டன் விசை தரும். மெதுவான தசையும் இந்த எல்லைக்குள்தான், வேகமான தசையும் இந்த எல்லைக்குள்தான். தனி இழைகளாகப் பிரித்து அளந்தால் வேகமானவை சற்றுக் கூடுதலாக இழுப்பதுண்டு. ஆனால் மடங்குக் கணக்கில் மாறுவது விசையல்ல, வேகம். வேகம் மாறுவதால் திறன் மாறுகிறது. ஒரு பாரத்தைத் தாங்கி நிற்க ஆகும் எரிபொருள் செலவும் மாறுகிறது.

இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தாமாகவே வரிசைக்கு வந்துவிடும்.

ஆய்வுக்கூடங்களில் இதற்கென்றே ஒரு ஜோடித் தசை உண்டு. ஒன்று சோலியஸ். கெண்டைக்காலின் உள்ளடுக்கில் இருந்துகொண்டு, நிற்கும்போது உடல் முன்பக்கம் சாயாமல் பிடித்துவைப்பது. மற்றது காலின் முன்புறத்தில் ஓடி, விரல்களை நிமிர்த்தும் எக்ஸ்டென்சர் டிஜிட்டோரம் லாங்கஸ், சுருக்கமாக இ.டி.எல். இரண்டும் சிறியவை, இரண்டு முனையிலும் நூல் கட்ட வசதியாகத் தசைநாண் உள்ளவை. எலியின் சோலியஸில் பெரும்பாலும் மெதுவான இழைகளே, இ.டி.எல்.லில் ஏறக்குறைய எல்லாமே வேகமானவை. சுண்டெலியின் சோலியஸ் அப்படியல்ல. அதில் மெதுவான இழைகள் பாதி அளவுக்குத்தான் இருக்கும். எலியில் கிடைத்த எண்ணையும் சுண்டெலியில் கிடைத்த எண்ணையும் ஒரே அட்டவணையில் போட்டுக் குழம்புகிறவர்கள் பெரும்பாலும் இதை மறந்தவர்கள்தாம்.

விசை எங்கிருந்து, வேகம் எங்கிருந்து

தசை இழைக்குள் சார்கோமியர் என்ற சிறு அலகுகள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றின் நடுவிலும் மயோசின் என்ற புரதத்தால் ஆன தடித்த இழைகள், ஏறத்தாழ 1.6 மைக்ரோமீட்டர் நீளம். இரு பக்கமிருந்தும் ஆக்டின் என்ற புரதத்தால் ஆன மெல்லிய இழைகள் அவற்றினிடையே நுழைந்திருக்கும். மயோசினின் தலைப்பகுதி ஆக்டினைப் பற்றி இழுக்கும், விடும், மீண்டும் பற்றும். இந்தத் தடித்த, மெல்லிய இழைகளின் நீளம் மாறுவதில்லை; ஒன்றன்மேல் ஒன்று சறுக்குவதால்தான் தசை குறுகுகிறது. 1954இல் இரண்டு குழுக்கள் தனித்தனியாக இதைக் கண்டு சொன்னார்கள்.

தேர் வடம் இழுக்கும் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கணத்தில் எத்தனை கைகள் வடத்தைப் பிடித்திருக்கின்றனவோ அதுதான் இழுவை. பிடித்த கை எவ்வளவு சீக்கிரம் விட்டுவிட்டு அடுத்த பிடிக்குப் போகிறதோ அதுதான் வேகம். மெதுவான தசையிலும் கைகளின் எண்ணிக்கை ஏறக்குறைய அதேதான், ஒரு கையின் இழுவையும் ஏறக்குறைய அதேதான். பிடியை விடத்தான் தாமதம். தசையின் எரிபொருள் அடினோசின் டிரைபாஸ்பேட், சுருக்கமாக ஏ.டி.பி. அது உடைந்தபின் மிஞ்சும் அடினோசின் டைபாஸ்பேட் மயோசின் தலையிலிருந்து கழன்று வெளியேறும் கட்டம் மெதுவான மயோசினில் நிதானமாக நடக்கிறது. இந்த டைபாஸ்பேட் கழன்றபிறகே புதிய ஏ.டி.பி. வந்து ஒட்ட முடியும், ஒட்டினால்தான் பிடி விடும். தசை விரைந்து குறுகும்போது, உரிய நேரத்தில் விடாத தலைகள் இழுப்பதை நிறுத்தி, எதிர்ப்பக்கம் தடையாகத் தொங்கும். மெதுவான தசையின் உச்ச வேகத்துக்கு வரம்பு போடுவது இந்தத் தொங்கல்தான்.

இப்படிப் பற்றி, இழுத்து, விடும் ஒரு சுற்றுக்கு ஒரு ஏ.டி.பி. செலவு. ஆகவே சுற்று மெதுவாகச் சுழன்றால் செலவும் குறைவு. பல விலங்குகளின் தசைகளை எடுத்து, மயோசின் ஏ.டி.பி.யை உடைக்கும் வேகத்தையும் தசை குறுகும் வேகத்தையும் ஒப்பிட்ட மைக்கேல் பாரனி, இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்குவதை 1967இல் காட்டினார்.

பாரமும் வேகமும்: ஹில்லின் வளைகோடு

பாரம் கூடினால் தசை குறுகும் வேகம் குறையும். எவ்வளவு குறையும் என்பதைத் தவளைத் தசையில் அளந்து 1938இல் சமன்பாடாக எழுதியவர் ஏ. வி. ஹில்.

(வி + க) × (வே + ச) = ச × (உ + க)

வி என்பது பாரம், வே என்பது குறுகும் வேகம், உ என்பது நீளம் மாறாதபோது கிடைக்கும் உச்ச விசை. க, ச இரண்டும் அந்தந்தத் தசைக்குரிய மாறிலிகள். ‘க’வை ‘உ’வால் வகுத்தால் வரும் எண் வளைகோட்டின் வளைவைச் சொல்லும். தவளைத் தசையில் அது 0.25ஐ ஒட்டி வரும். எண் சிறியதானால் கோடு அதிகம் வளைந்திருக்கிறது என்று பொருள்.

எண்களைப் போட்டுப் பார்த்தால்தான் இது கைக்கு வரும். 35 டிகிரி செல்சியஸில் எலித் தசைகளை அளந்த குளோஸ் என்ற ஆய்வாளர், ஒரு சார்கோமியர் குறுகும் உச்ச வேகம் இ.டி.எல்.லில் விநாடிக்கு 42.7 மைக்ரோமீட்டர், சோலியஸில் 18.2 மைக்ரோமீட்டர் என்று 1964இல் வெளியிட்டார். சார்கோமியரின் நீளம் 2.5 மைக்ரோமீட்டர் என்று வைத்தால், முன்னது விநாடிக்கு ஏறத்தாழ 17 நீளம், பின்னது 7 நீளம். இப்போது 10 மி.மீ. நீள இழைகளும் 1 நியூட்டன் உச்ச விசையும் கொண்ட இரண்டு தசைகளைக் கற்பனை செய்வோம். பாரமே இல்லாமல் ஒன்று விநாடிக்கு 170 மி.மீ., மற்றது 70 மி.மீ. வேகத்தில் குறுகும். இரண்டுக்கும் வளைவு 0.25 என்றே வைத்துக்கொள்வோம்.

0.3 நியூட்டன் பாரம் கட்டினால், வேகமான தசை அதை விநாடிக்கு 54 மி.மீ. வேகத்தில் தூக்கும், மெதுவானது 22 மி.மீ. வேகத்தில். திறன் என்பது விசையையும் வேகத்தையும் பெருக்கி வருவது. ஆக முன்னதற்கு ஏறத்தாழ 16 மில்லிவாட், பின்னதற்கு 7. கணக்கைத் திருப்பிப் போட்டால் இன்னும் சுவையானது. இரண்டும் விநாடிக்கு 50 மி.மீ. வேகத்தில் குறுகியே ஆகவேண்டும் என்றால், வேகமான தசை 0.32 நியூட்டன் இழுக்கும். மெதுவானது வெறும் 0.07. வேகத்தை 100 மி.மீ. ஆக்கினால் மெதுவான தசையிடமிருந்து ஒன்றுமே கிடைக்காது. நின்றபடி இழுக்கும்போது சமமாக இருந்தவை, ஓடிக்கொண்டே இழுக்கும்போது நாலு மடங்கு வித்தியாசப்படுகின்றன. வேகமான தசைக்குப் ‘பலம் அதிகம்’ என்ற எண்ணம் இங்கிருந்துதான் கிளம்பியிருக்கவேண்டும்.

உண்மையில் மெதுவான தசையின் வளைகோடு இன்னும் கொஞ்சம் ஆழமாக வளைந்திருக்கும். ஆமையின் தசையில் இந்த வளைவு மிக அதிகம். குறைந்த செலவில் வேலை செய்வதில் அதற்குப் பேர்போன இடம் உண்டு. உச்சத் திறன் எந்தத் தசையிலும் உச்ச விசையின் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கீழான பாரத்தில், உச்ச வேகத்தின் அதே பங்கில் கிடைக்கும். எரிபொருளுக்கு ஏற்ற வேலை அதைவிடக் கொஞ்சம் மெதுவான இடத்தில்.

பாரம் உச்ச விசையைத் தாண்டினால் தசை இழுத்தபடியே நீளும். படி இறங்கும்போது தொடையில் நடப்பது இதுதான். அப்போது விசை உச்ச விசையின் ஒன்றரை மடங்குக்கும் மேலே போகலாம். இதில் இரு வகைத் தசைக்கும் பெரிய பாகுபாடு இல்லை.

ஒற்றைத் துடிப்பும் தொடர் இறுக்கமும்

நரம்பின் ஒரே ஒரு தூண்டலுக்குத் தசை ஒருமுறை துடித்து அடங்கும். துடிப்பு உச்சத்தைத் தொட ஆகும் நேரம் எலியின் இ.டி.எல்.லில் 35 டிகிரியில் ஏறத்தாழ 12 மில்லி விநாடி, சோலியஸில் ஏறத்தாழ 36. மனிதரின் சோலியஸுக்கு 100 மில்லி விநாடிக்கும் மேல் ஆகும். இந்த வித்தியாசத்தை மயோசினின் கணக்கில் மட்டும் எழுதிவிடக்கூடாது. தூண்டல் வந்ததும் இழைக்குள் உள்ள பைகளிலிருந்து கால்சியம் வெளிப்பட்டு ஆக்டினின் பூட்டைத் திறக்கிறது. பிறகு அதைப் பம்புகள் பைக்குள் திரும்ப இழுத்துக்கொள்கின்றன. வேகமான தசையில் பம்புகள் வேறு வகை, எண்ணிக்கையும் மிக அதிகம். அதனால் அது சீக்கிரம் தளர்கிறது.

தூண்டல்களை அடுத்தடுத்துக் கொடுத்தால் துடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, கடைசியில் ஒரே சீரான இறுக்கமாகிவிடும். உடலியலில் இதற்கு டெட்டனஸ் என்று பெயர். நோய்க்கும் இதற்கும் பெயர் மட்டும்தான் பொது. மெதுவான தசை தளர நேரம் எடுப்பதால், குறைந்த அதிர்வெண்ணிலேயே துடிப்புகள் ஒட்டிக்கொள்ளும். உடல் வெப்பநிலையில் எலியின் சோலியஸுக்கு 80 முதல் 100 ஹெர்ட்ஸ் தாராளம். இ.டி.எல்.லுக்கு 150, 200 என்று போகவேண்டும். புதிதாக அளப்பவர்கள் இரண்டுக்கும் 50 ஹெர்ட்ஸ் கொடுத்துவிட்டு, இ.டி.எல். பலவீனமாக இருக்கிறது என்று குறிப்பேட்டில் எழுதிவைப்பார்கள். அது பலவீனமில்லை, துடிப்புகள் ஒட்டவேயில்லை.

துடிப்புகள் பாதி ஒட்டிய நிலையில் வேகமான தசை அலகுகளின் (ஓர் அலகு என்பது ஒரே நரம்பிழை ஆளும் தசை இழைகளின் தொகுதி) விசை முதலில் ஏறி, தூண்டல் தொடரும்போதே சற்றுத் தொய்ந்து இறங்கும். மெதுவானவற்றில் இந்தத் தொய்வு வராது. பூனையின் கெண்டைக்கால் தசையில் அலகுகளைப் பிரித்தறிய ராபர்ட் பர்க்கின் குழு 1970களின் தொடக்கத்தில் பயன்படுத்திய சோதனைகளில் இதுவும் ஒன்று. மற்றது சோர்வுச் சோதனை: 40 ஹெர்ட்ஸில் 330 மில்லி விநாடி நீளத் தூண்டல், விநாடிக்கு ஒருமுறை, இரண்டு நிமிடம். முடிவில் விசை தொடக்க அளவின் கால் பங்குக்கும் கீழே போனால் அது சீக்கிரம் சோரும் வேகமான அலகு. முக்கால் பங்குக்கு மேல் நின்று, தொய்வும் காட்டினால் சோராத வேகமான அலகு. மெதுவான அலகு இந்தச் சோதனையை ஏதோ நடந்ததாகவே கண்டுகொள்ளாது.

வெப்பநிலையும் இரண்டையும் வெவ்வேறு பக்கம் இழுக்கும். எலித் தசையை 35 டிகிரியிலிருந்து 20க்குக் குளிர்வித்தால் இ.டி.எல்.லின் ஒற்றைத் துடிப்பு பெரிதாகும், சோலியஸின் துடிப்பு சிறிதாகும். டெட்டனஸ் விசை இரண்டிலும் ஓரளவே குறையும். ஆனால் குறுகும் வேகமோ, 10 டிகிரி குறைந்தால் பாதி அளவுக்கு இறங்கிவிடும். எனவே வெப்பநிலை சொல்லாமல் தரப்படும் வேக எண்ணை நம்பி எதையும் ஒப்பிடக்கூடாது.

அளக்கும்போது கெடுவது எங்கே

இரண்டு முனையிலும் தசைநாணோடு சேர்த்துப் பட்டுநூலால் கட்டி, ஒரு முனையை அசையாத கொக்கியிலும் மறுமுனையை விசைமானியின் கையிலும் மாட்டுவார்கள். தசை முழுவதும் உப்புக்கரைசலில் மூழ்கியிருக்கும். 95 விழுக்காடு ஆக்சிஜனும் 5 விழுக்காடு கார்பன் டை ஆக்ஸைடும் கலந்த வாயு அதில் குமிழியிட்டுக்கொண்டிருக்கும். இரு பக்கமும் பிளாட்டினத் தகடுகள் வழியாகத் தூண்டல். துடிப்பின் உயரம் இதற்குமேல் கூடவில்லை என்ற இடம்வரை மின்னழுத்தத்தை ஏற்றி, அதற்கும் மேலே கொஞ்சம் வைப்பது வழக்கம்; இல்லாவிட்டால் சில இழைகள் தூங்கிக்கொண்டிருக்கும். பிறகு நீளத்தைச் சிறிது சிறிதாக மாற்றி, விசை உச்சமாகும் நீளத்தைக் கண்டுபிடிக்கவேண்டும். இதைத் துடிப்பை வைத்துத் தோராயமாகப் பிடித்து, டெட்டனஸில் சரிபார்ப்பது நல்லது. இரண்டு டெட்டனஸுக்கு நடுவே ஒன்றிரண்டு நிமிட ஓய்வு வேண்டும்.

கெடுவதில் முதலிடம் முடிச்சுக்கு. தசைநாணை நீளமாக விட்டுக் கட்டினாலோ, முடிச்சு வழுக்கினாலோ, தசை முதலில் அந்தத் தளர்வை இழுத்து முடிக்கவே தன் நேரத்தைச் செலவிடும். விசை ஏறும் வேகம் குறைந்து, வேகமான தசையும் மெதுவானதுபோல் தெரியும். ஒற்றைத் துடிப்பில் இந்தப் பாதிப்பு மிக அதிகம், ஏனெனில் தளர்வை எடுத்து முடிப்பதற்குள் துடிப்பே முடிந்துவிடும்.

இரண்டாவது, ஆக்சிஜன். இரத்தஓட்டம் இல்லாத தசைக்குள் ஆக்சிஜன் ஊடுருவி மட்டுமே போகமுடியும். வளர்ந்த எலியின் சோலியஸ் 37 டிகிரியில் நடுப்பகுதி மூச்சுத் திணறும் அளவுக்குத் தடிமனானது. விசை மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போகும். அதைச் சோர்வு என்று எழுதிவிடுவார்கள். 25 டிகிரியில் அளப்பதோ, சுண்டெலியின் சிறு தசையை எடுப்பதோ இதனால்தான்.

மூன்றாவது, கணக்கு. விசையைக் குறுக்குவெட்டுப் பரப்பால் வகுக்கும்போது, இழைகளின் நீளத்தைப் போடவேண்டிய இடத்தில் தசையின் மொத்த நீளத்தைப் போட்டுவிடுவது. இ.டி.எல்.லின் இழைகள் தசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஓடுவதில்லை. சாய்வாக, குட்டையாக அமைந்திருக்கும். சுண்டெலியில் இழையின் நீளம் தசை நீளத்தில் இ.டி.எல்.லுக்கு 0.45 பங்கு, சோலியஸுக்கு 0.7 பங்கு. 10 மில்லிகிராம் எடையும் 12 மி.மீ. நீளமும் உள்ள இ.டி.எல். 400 மில்லிநியூட்டன் இழுக்கிறது என்று வைப்போம். இழை நீளம் 5.4 மி.மீ., தசையின் அடர்த்தி கன மில்லிமீட்டருக்கு 1.06 மில்லிகிராம், பரப்பு 1.75 சதுர மி.மீ. வகுத்தால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 23 நியூட்டன், எதிர்பார்த்த எண்தான். இழைக்குப் பதில் 12 மி.மீ.யைப் போட்டால் 51 வரும். வேகமான தசைக்கு இரட்டைப் பலம் என்று கட்டுரை எழுத இந்த ஒரு பிழையே போதும்.

உச்ச வேகத்தை நேரடியாக அளக்க முடியாது, ஏனெனில் விசைமானியின் கைக்கே எடை உண்டு. பல பாரங்களில் வேகத்தை அளந்து, ஹில்லின் கோட்டைப் பாரம் பூச்சியமாகும் இடம்வரை நீட்டுவது ஒரு வழி. மற்றது தளர்வுச் சோதனை: டெட்டனஸின் உச்சத்தில் தசையைச் சட்டென்று ஒரு பத்து விழுக்காடு குட்டையாக்கினால் அது தொங்கிப்போகும், விசை பூச்சியமாகும், தொங்கலை எடுத்துவிட்டு மீண்டும் விசை காட்ட எத்தனை மில்லி விநாடி ஆகிறது என்று பார்ப்பார்கள். வெவ்வேறு அளவுத் தளர்வுகளுக்கு இதைச் செய்து கோடு போட்டால், அதன் சாய்வுதான் வேகம். கலப்புத் தசையில் இந்த எண் முதல் வழியில் வருவதைவிடக் கூடுதலாகவே இருக்கும். தொங்கலை முதலில் எடுப்பவை உள்ளதிலேயே வேகமான இழைகள்.

இரண்டு வகை எதற்கு?

இதற்கு நல்ல விடை கெண்டை மீனிடம் இருக்கிறது. அதன் பக்கவாட்டில் தோலை ஒட்டி ஒரு மெல்லிய சிவப்புப் பட்டை, மெதுவான தசை. உள்ளே முழுவதும் வெள்ளைத் தசை, வேகமானது. லாரன்ஸ் ரோமும் சகாக்களும் 1988இல் இரண்டையும் அளந்தார்கள். வெள்ளையின் உச்ச வேகம் சிவப்பைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. நிதானமாக நீந்தும்போது மீன் சிவப்பை மட்டும் பயன்படுத்துகிறது, அதுவும் அதன் உச்ச வேகத்தில் 0.17 முதல் 0.36 பங்குக்குள்; அதாவது திறனும் சிக்கனமும் சேர்ந்து கிடைக்கும் இடத்தில். எதிரியைக் கண்டு வெடுக்கென்று திரும்பும்போது, உடல் வளையும் வேகத்துக்கு ஈடுகொடுக்கச் சிவப்பு இழைகள் விநாடிக்கு 20 நீளம் குறுகவேண்டும். அவற்றின் உச்சமே 5க்குக் கீழேதான். வெள்ளை இழைகளோ முதுகெலும்பைச் சுற்றிச் சாய்வாக அமைந்திருப்பதால், அதே வளைவுக்கு நாலில் ஒரு பங்கு குறுகினால் போதும். சரி, எல்லாவற்றுக்கும் வெள்ளையையே வைத்துக்கொள்ளலாமே என்றால், நிதான நீச்சலில் அது தன் உச்ச வேகத்தின் மிகச் சிறு பங்கில் ஊர்ந்து, செய்த வேலைக்குப் பொருந்தாத அளவு எரிபொருளைத் தின்னும்.

எந்த இழை எந்த வகையாக வேண்டும் என்பதில் நரம்புக்குப் பெரிய பங்கு உண்டு. புல்லர், ஜான் எக்கிள்ஸ், அவர் மகள் ரோசமண்ட் எக்கிள்ஸ் மூவரும் பூனைக்குட்டிகளில் மெதுவான தசையின் நரம்பையும் வேகமான தசையின் நரம்பையும் வெட்டி மாற்றி இணைத்து, 1960இல் முடிவை வெளியிட்டார்கள்: மெதுவானது வேகம் பெற்றது, வேகமானது மெதுவாகியது. பயிற்சியால் மனிதரில் வேகமான இழைகளுக்குள் ஒரு துணை வகை இன்னொன்றாக மாறுவது எளிதில் நடக்கும். மெதுவானது முழுமையாக வேகமானதாக மாறுவது அப்படி எளிதல்ல.

நிறத்தை வைத்து வேகத்தைத் தீர்மானிக்கவும் வேண்டாம். சிவப்பு என்பது ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் புரதமான மயோகுளோபினும் இரத்தமும் நிறைந்திருப்பதன் அடையாளம். சோர்வைத் தாங்கும் என்று மட்டுமே அது சொல்லும். புறாவின் நெஞ்சுத்தசை நல்ல சிவப்பு, ஆனால் சிறகடிக்கும் அந்தத் தசை வேகமானது.

மனிதரில் சோலியஸின் பெரும்பகுதி மெதுவானது, தொடையின் முன்தசைகளில் இரு வகையும் ஏறத்தாழ பாதிப் பாதி. வயதாகும்போது வேகமான இழைகள்தாம் முதலில் மெலிகின்றன. அதனால் விசையைவிடத் திறன் சீக்கிரமாகக் குறைகிறது. தடுக்கி விழப்போகும்போது காலை முன்னே வைக்கக் கிடைக்கும் நேரம் அரை விநாடிக்கும் குறைவு. அங்கே வேண்டியது திறன்தான். முழங்காலை அசையாமல் கட்டிவைத்து அளக்கும் சோதனையில் இந்த இழப்பு பாதி மறைந்துவிடும். விநாடிக்கு 60 டிகிரியில் மூட்டைச் சுழலவிட்டு அளந்தாலும் வித்தியாசம் கொஞ்சம்தான் தெரியும். 180, 300 டிகிரி என்று கருவியின் வேகத்தை ஏற்றும்போதுதான், வேகமான இழைகள் எவ்வளவு மிச்சம் இருக்கின்றன என்பது விசையில் வெளிப்படத் தொடங்கும்.